ரேக்கா, பெட்டியா? முதலில் முன் அச்சைப் பாருங்கள்

தட்டோன் பக்கத்தில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ரப்பர் தோட்டத்துக்குச் சாமானும் ஆட்களும் ஏற்ற ஒரு வண்டி வாங்கவேண்டும். இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறார். ஒன்று, முன்னாலும் பின்னாலும் பட்டை ஸ்பிரிங் போட்ட பழைய ஃபோர் வீல் ஹைலக்ஸ் பிக்கப். இன்னொன்று டொயோட்டா ப்ரோபாக்ஸ், சாமான் ஏற்றும் கார் மாதிரி வண்டி. ஒரு சயா (பர்மாவில் மெக்கானிக்கை அப்படித்தானே கூப்பிடுகிறோம்) "பெட்டி ஸ்டியரிங்தான் உறுதி, ரேக் நம்ம ரோட்டுக்கு ஆகாது" என்கிறாராம். இன்னொரு சயா "பெட்டியெல்லாம் பழைய காலத்துச் சாமான், ரேக் வண்டியா பார்த்து எடு" என்கிறாராம். ஸ்டியரிங் கியரில் மொத்தம் என்னென்ன வகை இருக்கிறது, யார் பேச்சைக் கேட்பது என்பது அவர் கேள்வி.

தம்பி, இரண்டு சயாவும் ஆளுக்குப் பாதி சரி. ஸ்டியரிங் கியரைத் தனியாக எடுத்து மேசைமேல் வைத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. வண்டியின் முன் அச்சு எப்படி அமைந்திருக்கிறதோ, எவ்வளவு பாரம் அதன்மேல் வருகிறதோ, அதற்குத் தக்கபடிதான் கம்பெனிக்காரன் ஸ்டியரிங்கைத் தேர்ந்தெடுக்கிறான். வண்டிக்கு அடியில் குனிந்து முன் அச்சைப் பார்த்தாலே உள்ளே பெட்டியா ரேக்கா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அது எப்படி என்று வருகிறேன். அதற்கு முன்னால் வகைகளைப் பார்த்துவிடுவோம்.

ஸ்டியரிங் கியருக்கு மூன்று வேலை. ஸ்டியரிங் வீல் சுற்றுவதைப் பக்கவாட்டு நகர்வாக மாற்றவேண்டும். கையின் பலத்தைப் பெருக்கிக் கொடுக்கவேண்டும். ரோட்டில் சக்கரம் வாங்குகிற அடி அப்படியே கைக்கு ஏறாமல் தடுக்கவேண்டும். ஆனால் ரோடு வழுக்குகிறதா, பள்ளமா என்ற சேதி மட்டும் கைக்கு வந்தாகவேண்டும். வகைகளுக்குள் சண்டையே இந்தக் கடைசி வேலையில்தான்.

பலத்தைப் பெருக்குவது விகிதக் கணக்கு. ஸ்டியரிங் வீலை ஒரு முழுச் சுற்று, அதாவது 360 டிகிரி சுற்றும்போது முன் சக்கரம் 20 டிகிரி திரும்பினால் விகிதம் 18-க்கு 1. கார்களில் பொதுவாக 14 முதல் 20 வரை இருக்கும். பவர் இல்லாத பாரவண்டிகளில் அதற்கு மேலும் போகும். விகிதம் கூடினால் கைக்கு லேசு, ஆனால் திருப்பத்தில் அதிகம் சுற்றவேண்டும். பழைய லாரி டிரைவர்கள் வளைவுக்கு வளைவு தோள்பட்டையோடு சுற்றிக்கொண்டிருந்ததற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வளைவில் உள்பக்கச் சக்கரம் வெளிப்பக்கச் சக்கரத்தைவிட அதிகம் திரும்பவேண்டும். அதையும் ஸ்டியரிங் பெட்டிதான் செய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. சக்கரத்தோடு சேர்ந்த ஸ்டியரிங் ஆர்ம்கள் சாய்ந்து நிற்கிற கோணம் அதைப் பார்த்துக்கொள்கிறது. மியூனிக்கில் குதிரை வண்டி கட்டிக்கொண்டிருந்த லங்கன்ஸ்பெர்கர் என்பவர் யோசித்த வழி இது. 1818-இல் இங்கிலாந்தில் பேட்டன்ட் எடுத்துக் கொடுத்தவர் ஆக்கர்மன். பேர் அவருக்கே போய்விட்டது. அடி வாங்கி அந்த ஆர்ம் வளைந்துவிட்டால் திருப்பத்தில் டயர் தேய்ந்து கத்தும். அதற்குப் பெட்டியைக் கழற்றிப் பிரயோஜனம் இல்லை.

சரி, வகைகள். கியரே இல்லாத ஸ்டியரிங்கும் உண்டு. மோல்மேனில் ஓடுகிற மூணு சக்கரச் சாமான் வண்டிகளில் மோட்டார் சைக்கிள் ஹேண்டில்தான். கை எவ்வளவு திரும்புகிறதோ சக்கரமும் அவ்வளவே திரும்பும். முன்னால் ஒரே சக்கரம், பாரமெல்லாம் பின்னால் என்பதால் அது போதும். ஃபோர்டு மாடல் டி காரில் ஸ்டியரிங் வீலுக்கு நேர் கீழே, ஸ்டியரிங் கம்பத்தின் தலையிலேயே சின்னப் பல்சக்கரக் கூட்டம் ஒன்றை வைத்துச் சமாளித்தார்கள். விகிதம் நாலைந்துக்கு மேல் இல்லை. பள்ளத்தில் விட்டால் கையை முறிக்கிற மாதிரி உதறும். அந்த வழி அதோடு நின்றுபோனது.

அப்புறம் வந்தது வார்ம் குடும்பம். நாம் மொத்தமாகப் பெட்டி என்று சொல்வது இதைத்தான். கம்பத்தின் அடியில் மரை வெட்டிய ஓர் உருளை, அதுதான் வார்ம். அது சுற்றும்போது பக்கத்தில் பிணைந்த பல்சக்கரத்தைத் தள்ளும். பல்சக்கரத்தின் தண்டில் பிட்மன் ஆர்ம் தொங்கும். ஆர்ம் ஆடும்போது ராடைத் தள்ளி இழுக்கும். முழுப் பல்சக்கரம் இருந்தால் வார்ம் அன்ட் வீல். சக்கரம் முழுச் சுற்றுச் சுற்றப்போவதில்லையே, ஒரு துண்டு போதுமே என்று வெட்டிப் போட்டது வார்ம் அன்ட் செக்டர். முழுச் சக்கரத்தில் ஒரு வசதி இருந்தது: ஒரு பக்கத்துப் பல் தேய்ந்தால் சக்கரத்தைச் சற்றுத் திருப்பிப் புதுப் பல்லை முன்னால் கொண்டுவந்து மாட்டிக்கொள்ளலாம். செக்டரில் அதற்கு வழியில்லை.

இந்த இரண்டிலும் இரும்பு இரும்பின்மேல் வழுக்கித்தான் போகிறது. உராய்வு அதிகம், தேய்மானமும் அதிகம். மரையின் சரிவு குறைவாக இருந்தால் சக்கரத்தில் விழும் அடி கைக்கு ஏறவே ஏறாது, அது நல்லது. ஆனால் திருப்பம் முடிந்து கையை விட்டால் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது, அது தொல்லை. செக்டர் பல்லுக்குப் பதிலாகப் பேரிங்கில் சுற்றும் ஓர் உருளையை வைத்து, வார்மை நடுவில் ஒடுங்கின இடுப்பாகச் செதுக்கியது வார்ம் அன்ட் ரோலர். வழுக்குவது போய் உருள்வது வந்தது, கையும் லேசானது. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் நீண்ட காலம் ஓடிய பல கார்களில் இதுதான் இருந்தது.

நம் ஊரில் கையால் தொட்டுப் பார்க்கக் கிடைக்கிற இன்னொன்று, யுத்தகால வில்லிஸ் ஜீப்பில் உள்ள கேம் அன்ட் லீவர். அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்து லாஃபயெட் ஊரின் ராஸ் கம்பெனி செய்தது. இதில் பல்சக்கரமே கிடையாது. வார்ம் போல இருக்கிற கேமில் ஆழமான சுழல் பள்ளம் ஒன்று ஓடும். பிட்மன் தண்டின் லீவரில் இரண்டு கூம்பு முளை நிற்கும். கேம் சுற்றச் சுற்ற முளைகள் பள்ளத்தோடு நகர்ந்து லீவரை ஆட்டும். வண்டி நேராகப் போகும்போது இரண்டு முளையும் பள்ளத்துக்குள் இருக்கும். கடைசி வரை திருப்பினால் ஒரு முளை வெளியே வந்து மற்றது மட்டும் வேலை செய்யும். அதனால் விகிதம் நடுவில் 12, இரண்டு ஓரத்திலும் 14. நேர் ரோட்டில் சுறுசுறுப்பு, திருப்பி நிறுத்தும்போது லேசு. 1940-களில் ஒரு சின்னப் பெட்டிக்குள் இதைச் செய்திருக்கிறான் என்றால் பாராட்டத்தான் வேண்டும்.

ஜீப் ஓட்டியவர்கள் "ஸ்டியரிங் ரோடெல்லாம் அலையுது" என்று சொல்வார்கள். கேட்ட உடனே பெட்டியைப் பிரிக்காதீர்கள். அந்த ஜீப்பில் பெட்டிக்கும் சக்கரத்துக்கும் நடுவே, முன் அச்சின்மேல் பெல் கிராங்க் என்று ஒரு திருப்பு ஆர்ம் உண்டு. பெட்டியில் இருந்து வரும் ராட் அதைத் தள்ளும், அதில் இருந்து இரண்டு டை ராட் இரண்டு சக்கரத்துக்கும் போகும். அந்த பெல் கிராங்கின் தண்டு தேய்ந்தால் பெட்டி புத்தம் புதிதாக இருந்தாலும் வண்டி அலையும். கேமின் நடுப் பள்ளம் தேய்ந்தால் நடுவில் மட்டும் ப்ளே, அதாவது சும்மா ஆடும் தளர்வு, தெரியும். பெல் கிராங்க் தேய்ந்தால் எல்லா இடத்திலும் தெரியும். பிரித்துப் பார்க்காமலே இதை வைத்து ஓரளவு சொல்லிவிடலாம்.

இனி ஹைலக்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். அதில் இருப்பது ரீசர்குலேட்டிங் பால், சுழல் குண்டுப் பெட்டி. ஜெனரல் மோட்டார்ஸின் சாகினா பிரிவு செய்து 1940 கேடிலாக்கில் முதலில் வந்தது. இன்றைக்கும் லாரி, பஸ், பெரிய ஜீப் எல்லாவற்றிலும் இதுவே ராஜா. வார்ம் மரையின்மேல் கனமான ஒரு நட் உட்கார்ந்திருக்கும். மரையும் நட்டும் நேராகத் தொடாது. நடுவில் வரிசையாக எஃகுக் குண்டுகள். ஸ்டியரிங்கைச் சுற்றினால் குண்டுகள் பள்ளத்தோடு உருண்டு நட்டின் ஒரு முனைக்கு வரும். அங்கே உள்ள குழாய் அவற்றைப் பிடித்து மறுமுனைக்கு அனுப்பும். கோயில் பிரகாரம் சுற்றுகிற கூட்டம் மாதிரி, போன குண்டே திரும்ப வந்துகொண்டிருக்கும். நட்டின் வெளிப்பக்கத்தில் உள்ள பற்கள் செக்டர் தண்டைத் திருப்பும், தண்டு பிட்மன் ஆர்மை ஆட்டும். பாரம் பத்திருபது குண்டுகளில் பரவி விழுவதால் தேய்மானம் குறைவு. உருள்வதால் கைக்கும் லேசு.

இந்தப் பெட்டியின் மூடியில், நடு உச்சியில் ஒரு ஸ்க்ரூவும் அதைப் பூட்டும் நட்டும் இருக்கும். நம் பக்கத்தில் எத்தனையோ நல்ல பெட்டி அந்த ஸ்க்ரூவால்தான் செத்திருக்கிறது. "ப்ளே இருக்கு சயா" என்றால் உடனே ஸ்பேனரை எடுத்து அதை முறுக்கிவிடுகிறார்கள். செக்டர் பல்லை வெட்டும்போதே நடுவில் இறுக்கமாகவும் ஓரங்களில் சற்றுத் தளர்வாகவும்தான் வெட்டுவான். வண்டி பெரும்பாலும் நேராகப் போவதால் நடுப் பல்தான் முதலில் தேயும், தேய்ந்த பிறகு இறுக்கினாலும் ஓரத்தில் சிக்கக்கூடாது என்பதற்காக. ஸ்டியரிங்கை ஓரத்தில் வைத்துக்கொண்டு ஸ்க்ரூவை இறுக்கினால், நடுவுக்கு வரும்போது பல் கடித்துக்கொள்ளும். திருப்பத்தில் இருந்து ஸ்டியரிங் தானாகத் திரும்பாது, நேர் ரோட்டிலேயே இடமும் வலமுமாகத் திருத்திக்கொண்டே ஓட்டவேண்டி வரும். ஓட்டுபவர் அதை வீல் அலைன்மென்ட் குறை என்று நினைத்து இன்னொரு கடைக்குப் போவார்.

செய்கிற முறை இது. முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, பிட்மன் ஆர்மில் இருந்து ராடைக் கழற்றிவிடவேண்டும். ஸ்டியரிங்கை ஒரு கடைசியில் இருந்து மறு கடைசி வரை சுற்றி, மொத்தச் சுற்றை எண்ணி, சரி பாதியில் நிறுத்தவேண்டும். முதலில் வார்ம் பேரிங் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அது தளர்ந்திருந்தால் அதைச் சரிசெய்த பிறகுதான் மேல் ஸ்க்ரூவைத் தொடலாம். அப்புறம் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டு, நடுவைத் தாண்டும்போது விரலுக்கு லேசான பிடிப்பு தெரிகிற இடத்தில் நிறுத்திப் பூட்டவேண்டும். அந்தப் பிடிப்புக்கு மேல் கால் சுற்றுகூட வேண்டாம்.

இப்போது முதலில் சொன்ன முன் அச்சுக் கதை. உங்கள் ஹைலக்ஸில் முன்னால் ஒரே நீளத் திட அச்சு, அதன்மேல் பட்டை ஸ்பிரிங். பள்ளத்தில் விழுந்தால் அச்சு முழுவதும் மேலும் கீழும் போகும், ஒரு பக்கம் சாயும், பட்டை நிமிரும்போது சற்று முன்பின்னும் நகரும். சேசிஸில் அசையாமல் போல்ட் போட்ட ஒரு ரேக், இப்படி அலைகிற அச்சோடு ஒட்டிப்போக முடியாது. ஒவ்வொரு குழிக்கும் சக்கரத்தைத் தானே திருப்பிவிடும். பெட்டியில் இருந்து ஒரே ஒரு நீள ராட் போய்ச் சக்கர ஆர்மைத் தொடுகிற அமைப்பு என்றால் ராடின் நீளமும் கோணமும் பார்த்து வைத்துச் சமாளிக்கலாம். கின்புனில் இருந்து சைட்டியோ பொன்பாறைக்கு ஆட்களை அடுக்கிக்கொண்டு ஏறுகிற லாரிகளில் எல்லாம் பெட்டிதான் இருக்கும். ரேக் பலவீனம் என்பதைவிட, அந்த அச்சோடு ரேக் ஒத்துவராது என்பதுதான் காரணம். முன் சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும் வண்டியில் நிலைமை வேறு. அதனால்தான் ஹைலக்ஸே விகோ என்ற பின்னாள் தலைமுறையில் ரேக்குக்கு மாறியது. அதை யாரும் பலவீனமான வண்டி என்று சொல்வதில்லை.

தனிச் சக்கர சஸ்பென்ஷனோடு பெட்டியும் போட்ட வண்டிகள் நடுவில் ஒரு காலம் நிறைய வந்தன. அங்கே பிட்மன் ஆர்ம் ஒரு பக்கம், அதற்கு ஜோடியாக ஐட்லர் ஆர்ம் மறுபக்கம், நடுவில் ஒரு குறுக்கு ராட், இரண்டு டை ராட். கணக்குப் பார்த்தால் தேயக்கூடிய மூட்டு ஆறு இருக்கும். ஒவ்வொன்றிலும் அரை மில்லிமீட்டர் என்றாலும் ஸ்டியரிங் வீல் ஓரத்தில் ஓர் அங்குலம் ஆடும். ரேக் வந்ததும் கார்க்காரர்கள் அந்தப் பக்கம் ஓடியதற்கு இதுவும் காரணம்.

ரேக் அன்ட் பினியன் எல்லாவற்றிலும் எளிது. பல் வெட்டிய ஒரு நீளத் தண்டு, அதில் உட்காரும் சின்னப் பல்சக்கரம். அது சுற்றினால் தண்டு இடம் வலம் நகரும், தண்டின் இரு முனையில் டை ராட். அவ்வளவுதான். ரேக் புதுசு, பெட்டி பழசு என்பது பாதிப் பொய். 1886-இல் கார்ல் பென்ஸ் பேட்டன்ட் எடுத்த முதல் மோட்டார் வண்டியிலேயே முன் சக்கரத்தைத் திருப்பியது பல் தண்டுதான். 1930-களில் சிட்ரோன் டிராக்சியோன் அவான், 1948-இல் மோரிஸ் மைனர் என்று அது திரும்பி வந்தது. முன் சக்கர ஓட்டுக் கார்கள் பெருகியபோது, குறுக்கே நிற்கும் எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் இடையே பெட்டி வைக்க இடமில்லாமல் ரேக் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது.

ரேக்கில் ப்ளே குறைவு, ரோட்டின் சேதி கைக்கு நேராக வரும். கூடவே அடியும் வரும். பெகு தாண்டி ரோடு வெட்டிப்போட்ட இடத்தில் அறுபதில் விட்டால் ரேக் வண்டியில் ஸ்டியரிங் உதறுவது கையில் தெரியும். பெட்டி வண்டியில் உடம்பு குலுங்கும், கை சும்மா இருக்கும்.

நம் ஊரில் ரேக்கைக் கொல்வது ரோடு என்று சொல்கிறார்கள். நான் மழை என்பேன். மோல்மேன், தட்டோன் பக்கம் வருஷத்துக்கு நாலாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிற ஊர். ரேக்கின் இரு முனையிலும் மடிப்பு மடிப்பாக ரப்பர் பூட் இருக்கும். அது கிழிந்தாலும், கிளிப் கழன்றாலும், சேறும் தண்ணீரும் உள்ளே போய் உள் மூட்டைத் தின்னும், தண்டில் துரு ஏறும். பவர் ரேக்காக இருந்தால் அந்தத் துரு ஆயில் சீலைக் கிழிக்கும். ஒரு பூட்டின் விலை ஒரு ரேக்கின் விலையில் எங்கேயோ கீழே. ஆனால் பூட்டைப் பார்க்க யாரும் குனிவதில்லை.

இன்னொரு சத்தம் உண்டு. கல் ரோட்டில் மெதுவாகப் போகும்போது முன்னால் இருந்து "டொக் டொக்" என்று கேட்கும், ஸ்டியரிங் கம்பத்திலும் லேசாகத் தட்டும். ரேக்குக்குப் பின்னால் ஸ்பிரிங் வைத்த ஒரு கட்டை, தண்டைப் பினியனோடு அழுத்திப் பிடித்திருக்கும். அது தேய்ந்தால் தண்டு பல்லில் குதிக்கும், அந்தச் சத்தம்தான். அதற்கும் இறுக்குகிற நட் உண்டு. பெட்டிக்குச் சொன்ன எச்சரிக்கையே இதற்கும்: நடுப் பல் தேய்ந்திருக்கும்போது நடுவுக்குச் சரியாக இறுக்கினால் ஓரத்தில் சிக்கும். அப்படிச் சிக்கினால் தளர்த்திவிட்டு ரேக்கை மாற்றுங்கள், வேறு வழியில்லை.

பவர் ஸ்டியரிங் என்பது தனி வகைக் கியர் இல்லை, பெட்டிக்கோ ரேக்குக்கோ கூடச் சேர்க்கும் உதவிக் கை. அமெரிக்க எஞ்சினியர் ஃபிரான்சிஸ் டேவிஸ் 1926-இல் ஒரு பியர்ஸ் ஆரோ காரில் ஆயில் பவரைப் பொருத்தி ஓட்டிக் காட்டினார். கடைக்கு வந்தது 1951-இல் கிரைஸ்லர் இம்பீரியலில்தான். கம்பம் பெட்டியிலோ ரேக்கிலோ சேரும் இடத்தில் மெல்லிய ஒரு தண்டு இருக்கும், கையின் பலத்துக்கு அது சற்று முறுகும். முறுகும் அளவுக்கு வால்வு திறந்து பம்பின் ஆயிலை இடமோ வலமோ அனுப்பும். ஸ்டியரிங்கைக் கடைசி வரை சுற்றிப் பிடித்துக்கொண்டே நிற்காதீர்கள்; ஆயில் முழு அழுத்தத்தில் சூடேறிப் பம்பையும் சீலையும் கெடுக்கும். டொயோட்டாவில் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலே போகும். ஹோண்டா தனக்கென்று வேறு ஆயில் கேட்கும். கையில் கிடைத்ததை ஊற்றவேண்டாம்.

மின்சார பவர் முதலில் வந்தது 1988-இல் சுசுகி செர்வோ என்ற குட்டிக் காரில். பம்ப் இல்லை, பெல்ட் இல்லை, ஒழுகுவதற்கு ஆயிலும் இல்லை. வேகன் ஆர் மாதிரி சின்ன வண்டிகளில் மோட்டார் டாஷ்போர்டுக்கு அடியில், கம்பத்திலேயே இருக்கும். ரோட்டில் முழங்கால் தண்ணீர் நின்றாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. பெரிய வண்டிகளில் மோட்டார் கீழே ரேக்கில் இருக்கும். அதைத் தண்ணீரில் விடுவதற்கு முன் யோசிக்கவேண்டும். பேட்டரி பலவீனமானால் உதவி முதலில் குறையும். மின்சாரம் போனாலும் பல்லும் தண்டும் இருக்கிறதால் வண்டி திரும்பும், கைதான் வலிக்கும். டெஸ்லா சைபர்டிரக் போல ஸ்டியரிங் வீலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இரும்புத் தொடர்பே இல்லாத வகையும் வந்தாயிற்று. அதைப் பற்றித் தட்டோனில் இப்போதைக்குக் கவலை வேண்டாம்.

பர்மாவுக்கே உரிய ஒன்று பாக்கி. 1970 டிசம்பர் 6-ஆம் தேதி நாட்டையே இடது பக்கத்தில் இருந்து வலது பக்கம் ஓட்ட மாற்றினார்கள். வண்டிகள் மாறவில்லை. ஜப்பானில் இருந்து வந்த பழைய வண்டி எல்லாம் வலது ஸ்டியரிங், ஓடுவதும் வலது பக்கம். யுத்தகால அமெரிக்க ஜீப்புக்கு மட்டும் இடது ஸ்டியரிங். அது இருபத்தைந்து வருஷம் காத்திருந்து ரோட்டுக்குப் பொருந்தியது. இறக்குமதிச் சட்டம் இடது ஸ்டியரிங் பக்கம் சாய்ந்த பிறகு, வலது ஸ்டியரிங் வண்டியை மாற்றிக் கட்டித் தருகிறோம் என்று சொல்பவர்கள் உண்டு. அங்கே கவனம்.

பெட்டி என்றால், பிட்மன் ஆர்ம் முன் பார்த்து நிற்கிறதா பின் பார்த்து நிற்கிறதா என்பதில் திசையே மாறும். வலது வண்டிப் பெட்டிக்கும் இடது வண்டிப் பெட்டிக்கும் வார்ம் மரையின் சுற்றே வேறாகவும் இருக்கலாம். ரேக்கில், தண்டு பினியனுக்கு முன்னால் இருந்தால் ஒரு திசை, பின்னால் இருந்தால் எதிர்த் திசை. தெரியாமல் ரேக்கைத் திருப்பிப் போட்டால் நீங்கள் வலது பக்கம் திருப்ப வண்டி இடது பக்கம் போகும். அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் பயமில்லை. பயம் எல்லாம் கம்பத்தை வெட்டி ஒட்டுவதிலும், சேசிஸில் பெட்டி உட்காரும் இடத்தில் மெல்லிய தகடு வைத்து வெல்டு அடிப்பதிலும்தான். கம்பெனி இடது ஸ்டியரிங் வண்டிக்கென்றே செய்த பெட்டி, ரேக், கம்பம் கிடைத்தால் மாற்றலாம். இல்லையென்றால் வலது ஸ்டியரிங்காகவே ஓட்டுங்கள். முந்தும்போது எதிரே பார்த்துச் சொல்லப் பக்கத்தில் ஓர் ஆள் இருக்கட்டும்.

ஜப்பான் வண்டி ரோட்டின் வலது ஓரத்துக்கே இழுக்கிறது என்றும் நிறையப் பேர் பெட்டியைக் குறை சொல்கிறார்கள். ரோடு நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் போட்டிருக்கும், வலது பக்கம் ஓட்டினால் வலது பக்கமே வழியும். போதாததற்கு, சில கம்பெனிகள் வண்டி ஓடப்போகிற ஊரின் சரிவைக் கணக்கில் வைத்து இரு சக்கரத்துக்கும் கேஸ்டரில் (சக்கரம் திரும்புகிற அச்சின் முன்பின் சாய்வு) சின்ன வித்தியாசம் விடுவதுண்டு. இடது பக்கம் ஓட்டுகிற ஊருக்கு வைத்தது இங்கே தலைகீழாக வேலை செய்யும். அலைன்மென்ட் கடையில் சரிபண்ணிக்கொள்ளலாம்.

சரி தம்பி, உங்கள் இரண்டு வண்டி. ஹைலக்ஸுக்கு ஒருவரை உள்ளே உட்காரவைத்து, எஞ்சினை நிறுத்தி, ஸ்டியரிங்கை இரண்டு விரல் அகலத்துக்கு இடம் வலமாக ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் அடியில் படுத்து பிட்மன் ஆர்மைப் பாருங்கள். வீல் ஆடியும் ஆர்ம் அசையவில்லை என்றால் தேய்மானம் பெட்டியில். ஆர்ம் அசைந்தும் சக்கரம் அசையவில்லை என்றால் ராட் எண்டில் (ராடின் முனை மூட்டு), அது சல்லிசு. பெட்டியைச் சேசிஸில் பிடித்திருக்கும் போல்ட்டைச் சுற்றி விரிசலோ பழைய வெல்டோ இருக்கிறதா என்று விளக்கு அடித்துப் பாருங்கள். இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள், விலை பேசவே வேண்டாம். ப்ரோபாக்ஸுக்கு இரண்டு பூட்டையும் கையால் அமுக்கிப் பாருங்கள், கிழிசலும் சேறும் இருக்கக்கூடாது. பிறகு கல் ரோட்டில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, அந்த "டொக் டொக்" வருகிறதா என்று கேளுங்கள்.

பீலிக்கான் கோயிலுக்குக் கொண்டுபோய் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவதோ, பெகு ரோட்டு ஆலமரத்து நாத்துக்கு (பர்மியக் காவல் தெய்வம்) முன்னால் மூன்று தரம் முன்னும் பின்னும் ஓட்டி வணங்குவதோ இந்தச் சோதனைக்குப் பிறகு இருக்கட்டும்.

வாரத்தில் பாதி நாள் தோட்டத்துக்குள் செம்மண் சகதியில், பாரத்தோடு என்றால் ஹைலக்ஸ் எடுங்கள். கை வலித்தாலும் அந்த அச்சும் அந்தப் பெட்டியும் அதற்கென்றே கட்டியது. தோட்டத்து வாசலோடு சாமானை இறக்கிவிட்டு மோல்மேனுக்கும் ரங்கூனுக்கும் ஓடுவதுதான் பெரும்பங்கு என்றால் ப்ரோபாக்ஸ், இரண்டு புது பூட்டோடு. ஹைலக்ஸ் எடுத்தால் வைகாசி மழை தொடங்கும் முன் சக்கரம் திரும்புகிற மூட்டில் உள்ள நக்கிள் பேரிங்குக்கும் ராட் எண்டுகளுக்கும் கிரீஸ் ஏற்றிவிடுங்கள். பெட்டியின் ஆயில் அளவையும் அப்படியே பார்த்துவிடச் சொல்லுங்கள். மேல் ஸ்க்ரூவை மட்டும் தொடவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.